ஒட்டுப் போர்வைக்குத் துண்டு இணைக்க எந்த நூல் கட்டுபடியாகும்?

குகை தையல் குழு

வணக்கங்க. சேலம் குகையில இருந்து எழுதுறோம். கட் பீஸ் காட்டன் துணிகளை வெட்டி இணைச்சு ஒட்டுப் போர்வை தைக்கிறோம். ஒற்றைக் கட்டில் அளவு: அகலம் 60 இன்ச், நீளம் 88 இன்ச். தைச்சு முடிச்ச பிறகு 4 இன்ச் நிக்கிற சதுரம் (சுத்திலும் கால் இன்ச் தையலுக்கு விட்டு 4½ இன்ச்சா வெட்டுறோம்). வரிசைக்கு 15, மொத்தம் 22 வரிசை. இப்போ இது மேல் துணியை இணைக்கிறதுக்கான கேள்வி மட்டும்தான், பஞ்சு வச்சு மூணு அடுக்கையும் தைக்கிறது வேற கதை.

இதுவரைக்கும் பேன்சி ஸ்டோர்ல 100 மீட்டர் ரீல் வாங்கித்தான் ஓட்டுறோம். போர்வை எண்ணிக்கை கூடினதும் நூல் செலவு கண்ணுல படுது. மூணு வழி தெரியுது. ஒண்ணு, 5,000 மீட்டர் பாலியஸ்டர் கோன். ரெண்டு, காட்டன் தையல் நூல். மூணாவது, நெசவுக்கு வர்ற 2/60 காட்டன் டபுள் நூல், அதாவது 60 நம்பர் இழை ரெண்டைச் சேர்த்து முறுக்கினது. அது கிலோ கணக்குல கிடைக்குது, ஒரு கிலோ வாங்கியும் வச்சிருக்கோம். மிஷின்ல போட்டா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசி காதுகிட்ட பிரிஞ்சு அறுந்துடுது. டென்ஷன் குறைச்சும் சரிவரலை.

இன்னொரு தொல்லை. 60½ இன்ச் வரவேண்டிய வரிசை 59¾, சில சமயம் 59½தான் வருது. வெட்டுறது சரியா இருக்கு, அளந்துட்டோம். இதுக்கும் நூலுக்கும் சம்பந்தம் உண்டா? ஒரு கால் மிஷினும் ஒரு பவர் மிஷினும் இருக்கு.

---

இழைக்கணக்கு

மலிவு எது என்பதற்கு முன்னால், ஒரு போர்வைக்கு எவ்வளவு நூல் போகிறது என்று பார்த்துவிடலாம். பெரும்பாலானோர் இதைக் கூட்டியோ குறைத்தோதான் நினைக்கிறார்கள்.

ஒரு வரிசையில் 15 சதுரம் என்றால் 14 இணைப்பு. ஒவ்வொன்றும் 4½ இன்ச். ஆக வரிசைக்கு 63 இன்ச், 22 வரிசைக்கு 1,386 இன்ச். வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்க 21 தையல், ஒவ்வொன்றும் 60½ இன்ச், அது 1,270 இன்ச் சொச்சம். மொத்தம் 2,656 இன்ச், அதாவது 67 மீட்டரை ஒட்டி. மேல் நூலும் பாபின் நூலும் சேர்ந்து தையல் நீளத்தைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பிடிக்கும். 170 முதல் 200 மீட்டர். வெட்டி எறியும் நுனிகளையும் சேர்த்தால் 240 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ரீலில் இரண்டரை ரீல். 5,000 மீட்டர் கோன் ஒன்று ஏறக்குறைய 20 போர்வைக்கு வரும்.

சதுரத்தை 2 இன்ச்சாகச் சிறிதாக்கினால் இதே போர்வைக்கு 500 மீட்டருக்கு மேல் போகும். விலை வைக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள். சின்னத் துண்டுப் போர்வைக்கு நேரம் மட்டுமல்ல, நூலும் இரட்டிப்பு.

கடையில் ரீல் விலையை 100 ஆல் வகுங்கள், கோன் விலையை 5,000 ஆல் வகுங்கள். மீட்டருக்கு என்ன விழுகிறது என்பதுதான் விலை. கோன்தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோனிலும் ஏமாற்று உண்டு. லேபிளில் 5,000 என்று போட்டிருக்கும், உள்ளே இருக்காது. அதற்குத் தராசு போதும்.

நூலின் தடிமனை டெக்ஸ் என்று சொல்வார்கள். 1,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. பருத்தி நம்பர் தெரிந்தால் 590 ஐ நம்பரால் வகுத்து இழை எண்ணிக்கையால் பெருக்கினால் டெக்ஸ் கிடைத்துவிடும். 40/2 (40 நம்பர், 2 இழை) என்றால் 590 ÷ 40 × 2, கிட்டத்தட்ட 29½. 5,000 மீட்டர் கோனில் 147 கிராம் நூல் இருக்க வேண்டும். டிக்கெட் 120 (நூல் தடிமனுக்கு லேபிளில் போடும் இன்னொரு எண்) என்று போட்டிருந்தால் 25 முதல் 27 டெக்ஸ், அதில் 125 முதல் 135 கிராம். தீர்ந்துபோன வெறும் கோன் ஒன்றை எடை போட்டு வைத்துக்கொண்டு, புதுக் கோனின் எடையில் அதைக் கழியுங்கள். 40/2 என்று சொன்ன கோனில் 110 கிராம்தான் நிற்கிறது என்றால் நூல் 3,700 மீட்டர்தான், அல்லது சொன்னதைவிட மெலிந்த நூல். இரண்டில் எதுவானாலும் அந்தக் கடைக்காரரிடம் அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

துண்டு இணைக்க 20 முதல் 30 டெக்ஸ் வரை நல்லது. 50/2 பருத்தி 24 வரும், 60/3 பருத்தி 30 வரும், 40/2 ஸ்பன் பாலியஸ்டர் 29½. 50/3 பருத்தி 35, அதுவும் சமாளிக்கும். அதற்கு மேல் வேண்டாம். ஜீன்ஸுக்குப் போடும் 20/3 எல்லாம் 88 டெக்ஸ், இந்த வேலைக்கு அது கயிறு.

உங்கள் வரிசை குறைவதற்கும் பாதி காரணம் இங்கேதான். கால் இன்ச் விட்டுத் தைத்து, மடித்து இஸ்திரி போடும்போது துணியின் மடிப்பும் உள்ளே இருக்கும் நூலின் தடிமனும் கொஞ்சம் அகலத்தைத் தின்னும். தையல் வெறும் 1/32 இன்ச் உள்ளே தள்ளிப் போனாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து இணைப்புக்கு 1/16 போய்விடும். 14 இணைப்புக்கு 14/16, முக்கால் இன்ச்சுக்கும் மேல். உங்கள் 59¾ அப்படித்தான் வருகிறது. ஆகவே கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை குறைவாகத் தையுங்கள்.

சரிபார்க்க ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி அடுத்தடுத்துத் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப் பட்டை சரியாக 1 இன்ச் நிற்க வேண்டும். குறைந்தால் ஊசியிலிருந்து வழிகாட்டிக் கோட்டை இன்னும் கிட்டே கொண்டுவாருங்கள். நூல் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் 24 டெக்ஸுக்கு வைத்த கோடு 35 டெக்ஸுக்குப் பொருந்தாது.

---

அம்மாபேட்டை பாவடி

2/60 பத்தி மட்டும் நான் சொல்றேங்க. சேலத்துல இந்த ஆசை வராத தையல்காரங்க இருக்க மாட்டாங்க. கிலோவுக்கு 50,000 மீட்டர் ஓடும், பத்து கோனுக்குச் சமம். மலிவுதான். ஆனா தையல் மிஷின்ல அது ஓடாது. டென்ஷன் குறைச்சோ ஊசி மாத்தியோ பிரயோஜனம் இல்லை, ஏன்னா குத்தம் முறுக்குல இருக்கு.

ரெட்டை இழை நெசவு நூல்ல தனி இழை ஒரு பக்கமா முறுக்கி இருக்கும். ரெண்டையும் சேர்த்து டபுளிங் பண்ணும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவாங்க. தையல் நூல்லயும் அப்படித்தான், ஆனா திசை தலைகீழ். கடைசி முறுக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்குங்கிறதுதான் விஷயம். நூலை நெட்டுக்குத்தலாப் பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க. தையல் நூல்ல கோடுகள் கீழ் இடதுல இருந்து மேல் வலதுக்கு ஏறும். அதை இஸட் முறுக்குன்னு சொல்றது. நெசவு டபுள் நூல்ல பெரும்பாலும் கீழ் வலதுல இருந்து மேல் இடதுக்கு ஏறும், அது எஸ் முறுக்கு. கண்ணுக்குத் தெரியலைன்னா பூதக்கண்ணாடி வச்சுக்கங்க, இல்லைன்னா செல்போன் கேமராவுல பெரிசு பண்ணிப் பாருங்க.

மிஷின்ல ஒவ்வொரு தையலுக்கும் நூல் ஊசிக் காதுக்குள்ள முன்னும் பின்னுமா பல தடவை போய் வரும். ஷட்டில் கொக்கி அதைப் பிடிச்சு பாபின் கேஸைச் சுத்தித் திருப்பும். அந்தத் திருப்பல் இஸட் முறுக்கை இறுக்கும், எஸ் முறுக்கைப் பிரிக்கும். அதனாலதான் உங்க நூல் ஊசி காதுகிட்ட ரெண்டா பிரியுது. பிரிஞ்ச ஒத்தை இழைக்கு பலம் ஏது? அறுந்துடும்.

அது போக, நெசவு நூலுக்கு மேல் பூச்சு மெழுகு கிடையாது. தையல் நூலுக்கு மசகு ஏத்தியிருப்பாங்க. பாவு நூலா (தறியில நீளவாக்குல ஓடுறது) இருந்தா கஞ்சி வேற இருக்கும், டென்ஷன் தட்டுக்குள்ள மாவு மாதிரி உதிர்ந்து படியும். வாங்கினது சிட்டமா (வளையமாக் கட்டின நூல்) கோனான்னு பாருங்க, சிட்டமா இருந்தா அதை இழைச்சு சுத்துறதுக்கே உங்களுக்கு அரை நாள் ஆகும். கூலி கணக்கு போட்டா மலிவு காணாமப் போயிடும்.

வாங்கின கிலோவை வீணாக்க வேண்டாங்க. மூணு அடுக்கையும் பிடிச்சு நிறுத்துற கச்சா தையலுக்கு ரெட்டையாக் கோத்துப் போடுங்க. பிரிச்சு எறியற நூல்தானே, நல்ல தையல் நூலை அதுக்குச் செலவழிக்கக் கூடாது. முடிச்சுப் போட்டு நிறுத்துற போர்வைன்னா ஏழு எட்டு இழை சேர்த்து கை ஊசியில கோத்து 4 இன்ச்சுக்கு ஒண்ணா, சதுரம் கூடுற முனையில முடிச்சுப் போடலாம். அங்க அது அருமையா நிக்கும்.

---

ஏற்காடு மேகமூட்டம்

பாவடி அண்ணா சொன்னது சரி. காட்டனா பாலியஸ்டரா என்ற கேள்விக்கு வருகிறேன், இதில் எனக்கு ஒரு கட்சி உண்டு.

பாலியஸ்டர் நூல் பருத்தித் துணியை அறுத்துவிடும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சாதாரண ஸ்பன் பாலியஸ்டருக்கு அது பொருந்தாது. அது நறுக்கின இழைகளைப் பருத்தி மாதிரியே நூற்றது, மேலே மெல்லிய பிசிறு இருக்கும், துணியோடு சேர்ந்துபோகும். மினுமினுப்பான எம்ப்ராய்டரி பாலியஸ்டரையும் கண்ணாடி மாதிரி நைலானையும் பற்றிக் கேட்டதை எல்லா பாலியஸ்டருக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். எம்ப்ராய்டரி நூலில் இணைக்கக் கூடாது என்பது உண்மைதான், அதற்குக் காரணம் வேறு. அது வழுக்கும், முனையில் தையல் தானே கழன்று வரும். ரேயானாக இருந்தால் நனைந்தவுடன் பலமும் குறையும். பருத்திக்கு எதிர்மாறு, நனைந்தால் பலம் கூடும்.

விற்பனைக்குத் தைக்கிறவர்கள் 40/2 ஸ்பன் பாலியஸ்டர் கோன் எடுப்பதில் தப்பே இல்லை. இந்த மலையில் மேகம் இறங்கி உட்கார்ந்துவிடும் மாதங்களில் பருத்தி ரீலில் கரும்புள்ளி பூஞ்சை வரும். பாலியஸ்டருக்கு அந்தப் பயம் இல்லை. ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் துவைக்கும் வாடிக்கையாளர்களிடம் போகிற போர்வைக்கும் அதுதான் தாங்கும்.

அப்புறம் நான் ஏன் காட்டன் கட்சி? இரண்டு இடத்தில். வெள்ளையில் இணைத்து முழுப் போர்வையையும் பிறகு சாயம் முக்குகிறீர்கள் என்றால் பருத்தி நூல்தான் சாயம் பிடிக்கும், பாலியஸ்டர் வெள்ளைக் கோடாக நிற்கும். இன்னொன்று, மடிப்பு. பருத்தி நூல் சூட்டுக்கு அமுங்கி மடிப்போடு படுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் கொஞ்சம் விறைத்து நிற்கும், நுணுக்கமான சின்னத் துண்டு வேலையில் முனை சேரும் இடத்தில் அது தெரியும். 4 இன்ச் சதுரத்தில் தெரியாது.

இஸ்திரி சூடு பற்றிப் பயப்பட வேண்டாம். பாலியஸ்டர் உருகுவது 250 டிகிரிக்கு மேல், பெட்டியின் காட்டன் அளவு 200 சொச்சம். ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். நைலான் நூல் மட்டும் அந்தச் சூட்டுக்கு ஆகாது. முதலில் தைத்தது தைத்தபடியே தட்டையாக வைத்து அழுத்துங்கள், நூல் துணிக்குள் இறங்கும். பிறகு விரித்து, அடர் நிறத் துணிப் பக்கம் மடித்து அழுத்துங்கள். தேய்க்காதீர்கள், எடுத்து எடுத்து வையுங்கள். தேய்த்தால் துணி இழுபட்டு வரிசை வளையும்.

கடைக்காரர் காட்டன் என்று கொடுப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள் அக்கா. ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி, கரும்புகை விட்டு, ஆறினதும் நகத்தால் நசுக்க முடியாத கருமணியாக நிற்கும்.

---

ஷட்டில் மெக்கானிக்

நூல் அறுந்தா முதல்ல டென்ஷன் ஸ்க்ரூவைத் திருகுறது ஒரு வியாதி. அறுந்த நுனியைப் பாருங்க, அது சொல்லிடும்.

நுனி பெயிண்ட் பிரஷ் மாதிரி பிரிஞ்சு கிடந்தா ஊசி காதுல சொரசொரப்பு, இல்லை ஊசி நூலுக்குச் சின்னது, இல்லை பாவடி அண்ணன் சொன்ன முறுக்கு. கத்தியில வெட்டின மாதிரி நறுக்குன்னு இருந்தா ஷட்டில் கொக்கியிலயோ ஊசித் தட்டு ஓட்டையிலயோ கீறல் விழுந்திருக்கு, நைஸ் எமரி காகிதம் போட்டு மழுக்கணும். நுனி சுருண்டு மெலிஞ்சு இருந்தா டென்ஷன் இறுக்கம், இப்போ ஸ்க்ரூவைத் தொடலாம். நுனியில குண்டூசித் தலை மாதிரி சின்ன முடிச்சு உருகி நின்னா அது சூடு. பவர் மிஷின்ல மட்டும் வரும். அந்த வேகத்துல ஊசி கொதிக்கும், மசகு இல்லாத மட்ட பாலியஸ்டர் உருகும். துண்டு இணைக்கிற வேலைக்கு அந்த வேகம் எதுக்கு? மெதுவா ஓட்டுங்க.

ஊசி: 40/2 நூலும் சாதா காட்டன் துணியும்னா 11 நம்பர். 14 போட்டாலும் ஓடும், ஆனா மெல்லிசான வாயில் துணியில ஓட்டை தெரியும். 16 வேண்டாம். கால் மிஷின் ஊசி ஒரு பக்கம் தட்டையா இருக்கும், பவர் மிஷின் ஊசி முழு உருண்டை. ரெண்டையும் ஒரே டப்பாவுல போடாதீங்க. தையல் நீளம் இன்ச்சுக்கு 12. அதுக்கும் மேல நெருக்கினா நூல் வீண், பிரிக்கணும்னா துணியும் கிழியும்.

கோனை கால் மிஷின்ல எப்படி வைக்கிறதுன்னு அடுத்து கேப்பீங்க. மேல இருக்கிற ரீல் கம்பியில கோனை மாட்டாதீங்க. கனத்துல சுத்தாது, நூல் இழுபடும். சின்ன ரீல் உருண்டு பக்கவாட்டுல நூல் விடும், கோன் அசையாம நின்னு தலை வழியாத்தான் விடணும். மிஷினுக்குப் பின்னாடி ஒரு டம்ளர்லயோ டப்பாவுலயோ கோனை நெட்டுக்கு நிறுத்துங்க. அதுக்கு நேர் மேல, கோன் உயரத்தைப் போல ரெண்டு மடங்கு உயரத்துல ஒரு கம்பி வளையம் வேணும். பழைய துணி ஹேங்கரை வளைச்சுக் கட்டினா போதும். நூல் வளையத்துக்குள்ள போய் அங்கிருந்து மிஷினுக்கு வரணும். வளையம் நேர் மேல இல்லாம சாஞ்சிருந்தா கோன் விளிம்புல நூல் உரசி, ஒரு சுத்து இறுக்கம் ஒரு சுத்து தளர்ச்சின்னு வரும். தையலைப் பார்த்தாலே தெரியும், கொஞ்ச தூரம் நல்லா இருக்கும், கொஞ்ச தூரம் அடியில சுருள் விட்டிருக்கும்.

பாபின் சுத்தும்போது அவசரம் வேண்டாம். பாலியஸ்டர் நூலை வேகமா சுத்தினா இழுபட்ட நிலையிலயே பாபின்ல உக்காந்துக்கும். தைச்ச பிறகு அது பழைய நீளத்துக்குச் சுருங்கும், தையல் சுருக்கம் விழும். துணி சுருங்கிடுச்சுன்னு துணியைத் திட்டுவாங்க.

பாபின் டென்ஷனுக்கு: கேஸை நூல்ல தொங்க விடுங்க. சும்மா இருந்தா கீழ இறங்கக் கூடாது, கையை லேசா ஒரு வெட்டு வெட்டினா ஒரு இன்ச் ரெண்டு இன்ச் இறங்கி நிக்கணும்.

---

குகை தையல் குழு

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பூதக்கண்ணாடியில பாத்தோம், 2/60 ல கோடு இடது பக்கம்தான் ஏறுது. ரீல் நூல்ல வலது பக்கம். புரிஞ்சுது.

இன்னும் ரெண்டு. கடையில ரெண்டு விலையில பாலியஸ்டர் கோன் இருக்கு, ரெண்டுலயும் 40/2 னுதான் எழுதியிருக்கு. ஒண்ணு பாதி விலை. எடை கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா மலிவை எடுக்கலாமா? அப்புறம் கலர். துணி எல்லாம் பல கலர், எல்லாத்துக்கும் மேட்சிங் நூல் வாங்கினா கோன் கணக்கே அடிபடுமே?

---

இழைக்கணக்கு

எடை ஒன்றாக இருந்தும் விலை பாதி என்றால் வித்தியாசம் நூற்பில் இருக்கும். மலிவுக் கோன் பல நேரம் ஓவர்லாக்குக்கு ஓட்டுவதற்கென்று வருவது. முறுக்கு தளர்வு, பிசிறு அதிகம், மசகு குறைவு. ஓவர்லாக்கில் ஓரம் சுற்றுவதற்கு அது போதும், ஊசியில் போட்டால் மெக்கானிக் சொன்ன தொல்லையெல்லாம் வரும்.

கடையிலேயே பார்க்க ஒரு வழி. கறுப்பு அட்டைத் துண்டு ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். வெள்ளை அல்லது வெளிர் நிறக் கோனிலிருந்து 20 சுற்று, ஒன்றை ஒன்று தொடாமல், பக்கம் பக்கமாக அட்டையில் சுற்றுங்கள். இரண்டு கோனையும் ஒரே அட்டையில் சுற்றினால் ஒப்பிடச் சுலபம். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல நூல் ஒரே தடிமனில் வரிசையாக நிற்கும். மட்ட நூலில் நடுநடுவே புடைத்த இடமும் மெலிந்த இடமும் தெரியும், மேலே பஞ்சு மாதிரி முடி நீட்டிக்கொண்டிருக்கும். புடைத்த இடம் ஊசிக் காதில் சிக்கும், மெலிந்த இடம் அறும். நூல் மில்களில் நூலின் தோற்றத்தைத் தரம் பிரிப்பதும் கறுப்புப் பலகையில் சுற்றிப் பார்த்துத்தான்.

பிறகு ஒரு முழம் இழுத்து விரல் இடுக்கில் ஓட்டுங்கள். முடிச்சு தட்டுப்பட்டால் அந்தக் கோனை வைத்துவிடுங்கள். நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு இரண்டு கையாலும் வெட்டி இழுத்துப் பார்க்கவும் செய்யலாம். நல்ல 40/2 விரலை வலிக்க வைத்துவிட்டுத்தான் அறும்.

கோட்ஸ், வர்தமான் மாதிரி பெரிய கம்பெனிகளின் ஸ்பன் பாலியஸ்டரில் தரம் கோனுக்குக் கோன் மாறாது என்பதற்காகத்தான் கூடுதல் காசு. கோர் ஸ்பன் என்று சொல்லி அதைவிட விலை கூடின ஒன்றைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே தொடர் இழையும் மேலே நறுக்கின இழையும் வைத்துச் செய்தது அது, பவர் மிஷினில் நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கும் கனமான துணிக்கும் உரியது. பருத்தித் துண்டு இரண்டை இணைக்க அவ்வளவு பலம் தேவையே இல்லை. தையல் நூல் துணியைவிடக் கொஞ்சம் பலம் குறைவாக இருப்பதுதான் போர்வைக்கு நல்லது. இழுபட்டால் தையல் விடும், மறுபடி தைத்துக்கொள்ளலாம். துணி கிழிந்தால் சதுரத்தையே மாற்ற வேண்டும்.

---

ஏற்காடு மேகமூட்டம்

கலருக்கு இரண்டு கோன் போதும் அக்கா. வெளிர் சாம்பல் ஒன்று, அடர் சாம்பல் ஒன்று. இணைக்கும் நூல் உள்ளே மறைந்துவிடும், தையல் வாயில் ஒரு புள்ளி தெரிந்தாலும் சாம்பல் எந்த நிறத்தோடும் சண்டை போடாது. வெள்ளையும் கறுப்பும் வாங்கினால்தான் கண்ணை உறுத்தும். துணியில் வெளிர் மஞ்சள், சந்தன நிறம் அதிகம் என்றால் வெளிர் சாம்பலுக்குப் பதில் பிஸ்கட் கலர்.

வீட்டில் கிடக்கும் பிளவுஸ் மேட்சிங் ரீல் மிச்சங்களையும் இதில் தீர்த்துவிடலாம், பாபினில் சுற்றி. அடர் சிவப்பு, மெரூன், கறுப்பு, மயில் நீலம் இவற்றை மட்டும் சோதிக்காமல் போடாதீர்கள். நூலை நனைத்து வெள்ளைத் துணி மேல் வைத்து மடித்து, சூடான இஸ்திரியை ஒரு நிமிஷம் அழுத்துங்கள். கோடு விழுந்தால் அந்த ரீல் போர்வைக்கு ஆகாது. பழைய பருத்தி ரீலாக இருந்தால் பலத்தையும் பாருங்கள், ஜன்னலோரம் வெயில் பட்டுக் கிடந்தது கைக்கே அறும்.

கீழே சேலத்துக் கோடையில் பருத்தி நூல் வறண்டுபோனாலும் அறுபடும். ஈரம் வற்றினால் பருத்திக்குப் பலம் குறையும். இரும்பு பீரோவின் மேல் தட்டில் வைக்காமல் மூடியுள்ள டப்பாவில் போட்டு, நிழலான அறையில் வையுங்கள். பாலியஸ்டருக்கு இந்தக் கவனிப்பு வேண்டாம், தூசி படாமல் ஒரு பிளாஸ்டிக் பை கவிழ்த்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. திருப்பூர்ப் பக்கமிருந்து கிலோ கணக்கில் வரும் பனியன் துணி கட் பீஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது இழுபடும். ஊசியும் வேறு, தையலும் வேறு.

---

ஷட்டில் மெக்கானிக்

நூல் மிச்சம் பண்ணணும்னா கோன் விலையைவிடப் பெரிய இடம் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு ஜோடி சதுரத்தையும் தைச்சு, இழுத்து, நறுக்கி, அடுத்ததை வைக்கிறீங்கன்னா மேல் நூல்ல 4 இன்ச், கீழ் நூல்ல 4 இன்ச் போகுது. 308 இணைப்புக்கு 60 மீட்டருக்கு மேல குப்பைக்கு. ஒரு போர்வைக்கு இழைக்கணக்கு அண்ணன் சொன்ன 240 ல கால்வாசி.

நறுக்காதீங்க. ஒரு ஜோடி முடிஞ்சதும் ரெண்டு மூணு தையல் வெறுமே ஓட விட்டு அடுத்த ஜோடியை உள்ள தள்ளுங்க. பாதத்தைத் தூக்கவே வேண்டாம். சரம் சரமா வரும், கடைசியில நடுவுல நறுக்கிக்கலாம். சரத்தோட தலைப்புல ஒரு வேஸ்ட் துணித் துண்டுல தைச்சுத்தான் ஆரம்பிக்கணும், முடிக்கும்போதும் ஒரு துண்டுல ஏறி நிறுத்தணும். அடியில நூல் கொத்தா சேர்றது பெரும்பாலும் ஆரம்பத்துல நுனி உள்ள இழுபடுறதாலதான். வேஸ்ட் துண்டுல ஆரம்பிச்சா அந்தக் கொத்து அதுலயே போயிடும். ரிவர்ஸ் தையல் போட வேண்டாம், குறுக்க வர்ற வரிசைத் தையல் அதைப் பிடிச்சுக்கும்.

உக்காரும் முன்னாடி அஞ்சாறு பாபின் சுத்தி வச்சுக்கங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊசித் தட்டைக் கழட்டி அடியில பிசிறைப் பிரஷ்ஷால எடுங்க. காட்டன் நூல்னா இன்னும் சீக்கிரம் சேரும். வாயால ஊதாதீங்க, ஈரத்துல பிசிறு கட்டியாகி ஷட்டில் பள்ளத்துல ஒட்டிக்கும். பிசிறு எடுத்த பிறகு பள்ளத்துல ஒரே ஒரு சொட்டு மிஷின் எண்ணெய், அப்புறம் வேஸ்ட் துணியில ஒரு முழம் ஓட்டுங்க. கறை வராதுன்னு உறுதியான பிறகு போர்வைத் துணியை வைங்க.

---

அம்மாபேட்டை பாவடி

2/60 கலர் நூலா வெள்ளையா? சாயம் போட்டதா இருந்தா கச்சா தையலுக்குப் போடறதுக்கு முன்னாடி மேகமூட்டம் சொன்ன நனைச்சுப் பாக்குற சோதனையை அதுக்கும் பண்ணிடுங்க. பிரிச்சு எடுக்கிற நூல்தான், ஆனா நடுவுல இஸ்திரிப் பெட்டியில நீராவி விட்டா அந்தச் சாயம் துணியிலயே தங்கிடும்.